நாலு வருஷமாக ஏழு மாசம்

கம்பி ரேடியோ நாடகத்தில் மருமகள் மஞ்சுளா நாலு வருஷமாக ஏழு மாசக் கர்ப்பிணியாக இருந்தாள். அவளுக்குக் குரல் கொடுத்த நவமணியும் அதே நாலு வருஷமாக ஏழு மாசக் கர்ப்பிணியாகத்தான் இருந்தாள். டத்தோ கெராமட் ரோட்டுக் கிளினிக்கில் தாதி ஹமீதா மாசத்துக்கு ஒருதரம் அவளைப் படுக்கவைத்து, வயிற்றைத் தடவி, குழலை வைத்துக் கேட்டு, பிள்ளை நல்லா இருக்கு, ஏழு மாசம் என்று சொல்லி அனுப்புவாள். முதல் வருஷம் டாக்டர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். இரண்டாம் வருஷம் கோலாலம்பூரிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார், கையைக் கழுவினார், நல்ல லக்சா எங்கே சாப்பிடக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் வருஷத்திலிருந்து யாரும் எதையும் கேட்பதில்லை. ஹமீதா மட்டும் குழலை மடித்து வைக்கும்போது மெதுவாக, "அக்கா, அந்த லண்டன் மாப்பிள்ளை திரும்பி வருவானா இல்லையா லா? என்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்பாள்.

அப்போதெல்லாம் ஜார்ஜ் டவுனில் காற்றில் வரும் ரேடியோவைவிடக் கம்பியில் வரும் ரேடியோவுக்குத்தான் மவுசு. ஒரு கம்பெனி தெருத்தெருவாகக் கம்பி இழுத்து, வீட்டுச் சுவரில் ஒரு மரப்பெட்டியை மாட்டிவிட்டுப் போகும். பெட்டிக்கு ஒரே குமிழ். திருப்பினால் பேசும், திருப்பி வைத்தால் வாயை மூடிக்கொள்ளும். நம்ம வீட்டு மனுஷனுக்கு இப்படி ஒன்று இல்லையே என்று பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெட்டியில் அறுபத்தொன்பதாம் வருஷத்திலிருந்து வாரநாள்களில் மத்தியானம் இரண்டு மணிக்கு 'சௌந்தரம் வீடு' நடந்தது. மாமியார் சௌந்தரம், மூன்று மகன்கள், மருமகள்கள், விதவை நாத்தனார், வீட்டோடு மாப்பிள்ளை, வேலைக்காரி, கணக்குப்பிள்ளை, நாய் என்று வீடு நிறைய ஆள். இரண்டு மணிக்கு அடுப்பில் எது இருந்தாலும் அது கரியும். புருஷன்மார் அந்த நேரத்தில் பசி என்று சொல்ல மாட்டார்கள், சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

நல்ல காலத்தில் நாடகம் எப்படி இருந்தது என்பதற்கு மழையைச் சொன்னால் போதும். ஸ்டூடியோவில் ஒரு முறத்தில் பச்சைப்பயற்றைப் போட்டு அசைத்தால் அதுதான் மழை. அங்கே முறம் அசைந்தால் இங்கே பெட்டி மாட்டிய வீடுகளின் கொல்லையில் காய்கிற துணி நனையும். பெட்டி இல்லாத பக்கத்து வீட்டில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பெண்கள் இதற்காகக் கம்பெனியோடு சண்டைக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கு முன்னால் துணியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் கம்பெனி சிக்கனம் பார்த்துப் பழைய பயற்றையே வருஷக்கணக்கில் ஆட்டவைத்தது. பயற்றில் வண்டு விழுந்தது. நாடகத்தில் மழை பெய்த நாள்களில் வீடுகளில் தூறலோடு சேர்ந்து சின்னச்சின்ன வண்டுகளும் விழ ஆரம்பித்தன. 'சௌந்தரம் வீடு' சரிகிறது என்று ஊர் முதலில் கண்டுகொண்டது அப்போதுதான்.

சரிந்ததற்குக் காரணம் எழுதியவர்தான், வேறு யார். விநாசித்தம்பி துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்து ஓய்வு வாங்கியவர். கெலுகோரில் முன்னறையைப் படிக்கிற பையன்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்து எழுதுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் மாமியார் மருமகள் சண்டை எழுதினால் அதில் உறைப்பு கண்ணில் நீர் வர வைக்கும். அதன் ரகசியம் பந்தி. எந்தக் கல்யாணம், எந்தக் காது குத்து, எந்தச் சாவு வீட்டு எட்டுச் செலவு என்றாலும் அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்ப் பந்தியில் நடுவில் உட்காருவார். இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது. பாயசம் வருவதற்குள் இரண்டு வாரத்துக்கான கதை சேர்ந்துவிடும். தன் வீட்டுச் சண்டை பெட்டியில் வருவதைக் கேட்ட பெண்கள் முதலில் பூரித்துப்போனார்கள். பிறகு சண்டையில் தாங்கள் சொன்ன பதிலைவிட அவர் எழுதின பதில் நன்றாக இருக்கிறதே என்று வயிறெரிந்தார்கள். எழுபத்தொன்பது வாக்கில் ஊர் விழித்துக்கொண்டது. விநாசித்தம்பி இலையில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் வாய் மூடிக்கொள்ளும். "நாடகம் வந்து குந்திடுச்சு லா, வாயத் திறக்காத" என்று கண்ணால் சொல்லிக்கொள்வார்கள். அப்பளம் நொறுங்கும் சத்தத்தைத் தவிர அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பளத்தை வைத்து என்னத்தை எழுத.

அதனால் அவர் தன்னிடம் இருந்ததையே திருப்பித் திருப்பிப் போட்டார். மூத்த மகனுக்கு ஞாபகம் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. அந்த வாரமெல்லாம் பெட்டி மாட்டிய வீட்டு ஆண்கள் பாசாருக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார்கள், கையில் பட்ட முள்ளங்கியை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சம்பளம் போதவில்லை என்று நடிகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கழன்றவர்களை எல்லாம் விநாசித்தம்பி லண்டனுக்கு மேல்படிப்புக்கு அனுப்பினார். கணக்குப்பிள்ளை லண்டனுக்குப் போனார். வேலைக்காரி லண்டனுக்குப் போனாள். கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். அதில் அப்புத்துரை என்கிற குண்டு மனிதர் மூத்த மகன், போலீஸ் இன்ஸ்பெக்டர், டாக்டர், நாய், அழுகிற குழந்தை எல்லாவற்றையும் செய்தார். இன்ஸ்பெக்டர் மூத்த மகனைக் கைது செய்த நாள்களில் அவர் தன்னைத்தானே அதட்டித் தானே கெஞ்சினார். வீட்டில் அவர் மனைவி இரண்டு கோப்பி கலக்க வேண்டியிருந்தது, இரண்டும் காலியாயின. ஆனால் குழந்தை அழுகை என்று வந்தால் அப்புத்துரையை அடிக்க ஆள் கிடையாது. அவர் அழுதால் பால் கொடுக்கிற தாய்மாருக்கு ரவிக்கை நனையும்.

நவமணி அந்த மூன்று பேரில் ஒருத்தி. இருபத்தைந்து வயதில் மஞ்சுளாவாக உள்ளே வந்தவள். அவள் புருஷன் ராமதாஸுக்கு மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் பகல் ஷிப்ட் வேலை. பட்டறை இருப்பது அக்கரையில், கம்பி அங்கே போகவில்லை. அதனால் மனைவி பேசியதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. நல்ல ஜோடிதான், ஒரு குறை தவிர. பிள்ளை இல்லை. தண்ணீர்மலைக்குப் போனார்கள், மாதா கோயிலுக்குப் போனார்கள், தர்காவில் ஓதிப் போட்டார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? வளைகாப்பு வீடுகளில் நவமணியைக் கூப்பிடுவார்கள், சாப்பாட்டுக்கு மட்டும். வளையல் போடுகிற நேரத்தில் யாராவது ஒருத்தி, நவமணி, அடுப்பங்கரையில பாயசம் என்னாச்சு பாரு லா என்று நகர்த்திவிடுவாள். நவமணியும் போய்ப் பாயசத்தைக் கிண்டிக்கொண்டு நிற்பாள். கிண்டக் கிண்டப் பாயசம் உப்புக் கரித்தது உண்டு.

அதைவிடப் பெரிய காயம் ஸ்டூடியோவிலேயே நடந்தது. மாமியார் சௌந்தரமாக நடித்த யோகம்மா ஆறு பிள்ளை பெற்ற யாழ்ப்பாணத்து அம்மாள். நிமிர்ந்த நடை, பட்டென்று பேச்சு. எழுபத்தைந்தில் ஒருநாள் மஞ்சுளா நாத்தனார் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுகிற காட்சி. நவமணி ஒத்திகையில் பாடினாள். யோகம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பெத்துப் பாக்காத ஆளுக்குத் தாலாட்டு என்னெண்டு வரும்?" என்றார். வேண்டுமென்று சொன்னாரா, வாய் தவறியதா, அவருக்கே தெரியாது. நவமணி தாலாட்டைப் பாடவில்லை. அன்றிலிருந்து பதினொரு வருஷம் அவர்கள் இரண்டு பேரும் மைக்குக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மைக்குக்கு முன்னால் வந்தால் 'மாமி', 'மஞ்சுளா' என்று உருகுவார்கள், சண்டை போடுவார்கள், கட்டிக்கொண்டு அழுவார்கள். சிவப்பு விளக்கு அணைந்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு செருப்பைத் தேடுவார்கள்.

எண்பத்திரண்டில் மஞ்சுளா முழுகாமல் இருக்கிறாள் என்று விநாசித்தம்பி எழுதினார். நாடகத்துக்குப் பணம் கொடுத்த பால்மாவு வியாபாரிக்கு வாயெல்லாம் பல். ஏழாம் மாசத்தில் ஸ்டூடியோ மண்டபத்திலேயே வளைகாப்பு, நேயர்கள் எல்லாரும் வரலாம் என்று அறிவித்துவிட்டான். அங்கேதான் நம்ம ஆட்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள். விளையாட்டுக்கு ஒரு சடங்கு நடத்த நம்ம பெண்களுக்குத் தெரியாது. ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். ஐயரை அழைத்து வந்தார்கள். நல்ல நேரம் பார்த்து, கிழக்கே பார்த்து மணை போட்டார்கள். சூலியா தெருவிலிருந்து ஆசியா பீவி நேர்த்திக்கடன் மாதிரி இரண்டு டஜன் பச்சைக் கண்ணாடி வளையலோடு வந்தார். மஞ்சுளாவைக் கூட்டி வாருங்கள் என்றபோது நவமணிதான் வந்து உட்கார்ந்தாள். மாமியார்தான் முதல் வளையல் போட வேண்டும். யோகம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் முதல் வளையலை ஏற்றினார். பிறகு வரிசையாக எல்லாரும். பாயசத்தைப் பார்க்கப் போ என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நவமணி அழுதாள். மஞ்சுளா என்னமா அழறா பாரு என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் ஹமீதா குழலை வைத்துக் கேட்டு, ஏழு மாசம் என்றாள்.

வளையல் ஏறிவிட்டால் பிரசவம் ஆகிற வரை கழற்றக் கூடாது. கழற்றி, பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மைக் இருக்கிறதே, அதற்கு இதெல்லாம் தெரியாது. நவமணி பக்கத்தைப் புரட்டினால் கலகல, மூச்சு விட்டால் கலகல. கேட்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் வந்தால் மஞ்சுளா இன்னும் பெறவில்லை என்று அர்த்தம். விநாசித்தம்பி பெறவைத்திருக்கலாம். மூன்று தடவை மஞ்சுளாவுக்கு வலி வந்தது. மூன்று தடவையும் அவர் அந்த இடத்தில் ஆர்மோனியத்தை வாசிக்கவைத்து, மறுநாள் கோர்ட்டுக் காட்சியைத் தொடங்கிவிட்டார். பால்மாவுக்காரனும், இருக்கட்டும் சார், வயிறு இருக்கிற வரைக்கும் வியாபாரம் என்று தட்டிக்கொடுத்தான். ராமதாஸ் ரப்பர் மரப் பலகையில் ஒரு தொட்டில் செய்தான். தீபாவளிக்குத் தீபாவளி அதற்கு வார்னிஷ் அடித்தான். நாலு பூச்சு ஆகிவிட்டது, அதில் முகம் பார்க்கலாம்.

அக்கரைக்குப் பாலம் திறந்த மறுவருஷம், எண்பத்தாறில், கம்பெனி கம்பியைச் சுருட்டிக்கொள்வதென்று முடிவு செய்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது, முக்குக்கு முக்கு வீடியோ கடை. பதிவு செய்கிற மெஷினை முதலில் விற்றார்கள், அதனால் கடைசி மாசம் முழுவதும் நாடகம் நேரடியாகவே போனது. ஆர்மோனியக்காரரும் லண்டனுக்குப் போய்விட்டார், அதாவது ஈப்போவுக்கு. கடைசி நாளுக்கான கதையை விநாசித்தம்பி எழுதிக் கொடுத்தார். அதில் மஞ்சுளா, மாமி, என் குழந்தை என்கிறாள். சௌந்தரம், மஞ்சுளா, விழித்துக்கொள், எந்தக் குழந்தை, நீ கண்டதெல்லாம் கனவு என்கிறாள். லண்டனுக்குப் போனவர்கள் எல்லாரும் பக்கத்து அறையிலிருந்து வருகிறார்கள். சுபம்.

அதைப் படித்தபோது நவமணியின் கையில் வளையல்கள் தளர்ந்தன. நாலு வருஷமாக முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடித்திருந்தவை சரசரவென்று மணிக்கட்டுக்கு வந்து நின்றன. அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். லேசாக இருந்தது. அன்று சாயங்காலமே ராமதாஸின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கெலுகோருக்குப் போனாள்.

விநாசித்தம்பி பனியனோடு வந்து நின்றார். அவள் சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, கனவுன்னு எழுதிட்டீங்களே. அப்ப என் வயித்துல இருக்கிறது என்னாங்க?"

அவர் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார். கம்பெனி ஒத்துக்கொண்டுவிட்டது, டைப் அடித்தாகிவிட்டது, கதை என்றால் ஒரு முடிவு வேண்டும் என்றார். நவமணி நகரவில்லை. பிள்ளையைப் பெத்ததா ரெண்டு வரி எழுதுங்க ஐயா, ரெண்டே வரி போதும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, உனக்கு உண்மையைச் சொல்லட்டே? எனக்குப் பிள்ளைப்பேறு எழுதத் தெரியாது. பொம்பிளையள் ஒருநாளும் எனக்கு முன்னால அதைப் பேசினதில்லை. மூண்டு தரம் எழுதப் பாத்தன். தண்ணியைக் கொதிக்க வையுங்கோ எண்டு எழுதுறன், பிறகு அந்தத் தண்ணியை என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை."

நவமணிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நாலு வருஷம் தன் பிள்ளை இந்த மனுஷனின் ஒரு சட்டித் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நின்றதே என்று நெஞ்சு கொதித்தது. வாங்க போகலாம் என்று புருஷனிடம் சொன்னாள். ராமதாஸ் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, நான் அடிக்கட்டுமா என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்கிறவன் இல்லை. வேண்டாம் என்றாள்.

ஒத்திகை நடந்தது. யோகம்மா தன் வரியைப் படித்தார்: "மஞ்சுளா, விழித்துக்கொள். எந்தக் குழந்தை? நீ கண்டதெல்லாம்..." அந்த இடத்துக்கு வந்தபோது நவமணியின் வயிறு ஒரு கையளவு உள்ளே போனது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வளையல் கழன்று விழுந்து உருண்டு யோகம்மாவின் காலடியில் போய் நின்றது. யோகம்மா அந்த வளையலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். ஆறு பெற்றவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தொண்டை கட்டிக்கொண்டது, மிச்சத்தை நாளைக்கே சொல்கிறேன் என்று விநாசித்தம்பியிடம் சொல்லிவிட்டு, வளையலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். நவமணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வருஷத்துப் பழக்கம், ஒரு நாளில் விடுமா?

கடைசி நாள் ராமதாஸ் லீவு போட்டான். ஸ்டூடியோ மாடியில், கீழே முகம்மது கனியின் சாப்பாட்டுக்கடை. அங்கே போய்ப் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து, கல்யாணமான காலத்திலிருந்து முதல் தடவையாக மனைவி நாடகத்தில் பேசுவதைக் கேட்டான். இவ்வளவு நல்ல தமிழ் பேசுவாளா என்று ஆச்சரியப்பட்டான். கடை நிரம்பி வழிந்தது. ஊரில் பெட்டி மாட்டிய வீடுகளில் எல்லாம் பெண்கள் குளித்து, பூ வைத்து, வழியனுப்ப வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். மாடியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விநாசித்தம்பியும், சுவிட்சைப் பார்த்துக்கொள்கிற சுலைமானும். இரண்டரை அடித்தால் கம்பியை அணைத்துவிட வேண்டும் என்பது சுலைமானுக்குக் கம்பெனி உத்தரவு. அப்புத்துரைக்கு அன்று நாய் வேஷம் மட்டும்தான்.

வசனம் வந்தது. "மாமி, என் குழந்தை..." என்றாள் நவமணி. யோகம்மா காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். "மஞ்சுளா, விழித்துக்கொள். எந்தக் குழந்தை? நீ கண்டதெல்லாம்..."

அதோடு நின்றுவிட்டார். கம்பியில் ஒரு சத்தமும் இல்லை. கீழே முகம்மது கனி இழுத்து ஆற்றிய தே தாரிக் இரண்டு குவளைக்கும் நடுவில் அந்தரத்தில் அப்படியே நின்றது. விழலாமா வேண்டாமா என்று அதற்கும் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் விநாசித்தம்பி 'கனவு, கனவு' என்று வாயை அகலத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அப்போது நவமணி, நாடகத்தில் இல்லாத பெயரை, மைக்குக்கு முன்னால், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"யோகம்மாக்கா. எனக்குப் பிள்ளை வேணும்க்கா."

யோகம்மா காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகினார். பதினேழு வருஷம் மேடைத் தமிழ் பேசிய சௌந்தரம் மாமி, முதல் தடவையாகத் தன் வீட்டுத் தமிழில் பேசினார். "கனவுமில்லை, கத்தரிக்காயுமில்லை! பிள்ளைக்கு நோ வந்திட்டுது. ஆரங்கே, தண்ணியைக் கொதிக்க வையுங்கோ! அப்புத்துரை, அங்கால திரும்பி நில்லும். பயப்பிடாதை ராசாத்தி, என்ர கையைப் பிடி. மூச்சை இழு. இழுத்து விடு."

நவமணிக்கு இடி விழுந்ததுபோல வலி வந்தது. நாலு வருஷத்து வலி, ஒன்றாகச் சேர்ந்து. ஆரங்கே என்று யோகம்மா கேட்டது ஸ்டூடியோவில் யாருக்கோ, ஆனால் கம்பி போன இடமெல்லாம் பெண்கள் எழுந்து ஓடி அடுப்பைப் பற்றவைத்தார்கள். ஜெலுத்தோங்கிலிருந்து சூலியா தெரு வரைக்கும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்ததில் ஊரில் தண்ணீர் நூலாக ஒழுகியது. அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதை யோகம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார்: எதைக் கொதிக்கவைப்பது, எதை ஆறவைப்பது, துணியை எப்படி நனைத்துப் பிழிவது, எங்கே வைப்பது. கண்ணாடிக்குப் பின்னால் விநாசித்தம்பி கையை ஆட்டுவதை விட்டுவிட்டு உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். கேட்டதை எல்லாம் எழுத ஆரம்பித்தார். பந்தியில் வாய்கள் மூடிக்கொண்டதிலிருந்து அவர் நிறுத்தாமல் எழுதியது அன்றுதான்.

இதற்கு நடுவில் அப்புத்துரை ஒரு காரியம் செய்தார். சுவரைப் பார்த்து நின்ற மனிதர், நவமணி போட்ட கடைசிக் கூச்சலில் நிலைகுலைந்து, பழக்க தோஷத்தில் குழந்தை மாதிரி வீறிட்டு அழுதுவிட்டார். கீழே கடையே எழுந்து நின்றது. ராமதாஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிப்படிக்கு ஓடினான். முகம்மது கனி பின்னாலிருந்து, "ராமதாஸ், நில்லு லா! அது அப்புத்துரைண்ணன்! எனக்குத் தெரியும் லா அந்தக் குரல்!" என்று கத்தினார். ராமதாஸ் பாதிப்படியில் நின்றான். மேலே போகவும் கால் வரவில்லை, கீழே இறங்கவும் மனசு வரவில்லை. அந்த இடத்தில் அவன் கும்பிடாத சாமி இல்லை. பிறகு இன்னொரு அழுகை கேட்டது. இது அவ்வளவு நன்றாக இல்லை. இடையில் இருமியது, விக்கியது, சுருதி சேரவில்லை. அப்புத்துரை ஒருநாளும் இப்படி மோசமாக அழ மாட்டார் என்று ராமதாஸுக்குத் தெரிந்தது, மிச்சப் படியை அவன் எப்படி ஏறினான் என்று அவனுக்கே நினைவில்லை. கனியின் தேத்தண்ணி அப்போதுதான் குவளைக்குள் விழுந்தது.

இரண்டரை எப்போதோ அடித்திருந்தது. சுலைமான் சுவிட்சு இறுகிக்கொண்டது என்று கம்பெனிக்குச் சொன்னான். அவன் கை இரண்டும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பெண் குழந்தை. தலைமுடி தோள் வரைக்கும், வாயில் பல்வரிசை. கண்ணைத் திறந்து ஒவ்வொருவரையும் பார்த்தது. முகத்தைப் பார்த்து அதற்கு ஒருவரையும் தெரியவில்லை. வாயைத் திறந்து பேசினவுடன், ஓ நீயா என்று தலையாட்டியது. அப்புத்துரை பேசியபோது மட்டும் இவர் எத்தனை பேர் என்று தெரியாமல் விழித்தது. யோகம்மா நவமணியின் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிரசவம் பார்த்தவளுக்கு உரியது, அதை யாரும் கேட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. தன் கையில் போட்டுக்கொண்டார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக நவமணி அசைந்தபோது சத்தம் வரவில்லை.

ஜெயலெட்சுமி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வாரம் கம்பெனி ஆள்கள் வந்து தெருக் கம்பியை எல்லாம் அறுத்து, சுருட்டி, லாரியில் ஏற்றி அக்கரையில் பிறைக்குக் கொண்டுபோய்ப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். பெட்டிகளைத் திருப்பி வாங்கவில்லை, யாருக்கு வேண்டும். யோகம்மா தினமும் மத்தியானம் பிள்ளை பெற்றவளுக்கான காயச் சரக்கு அரைத்துக் குழம்பு வைத்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு நவமணி வீட்டுக்கு வந்தார். வந்தாரே தவிர, கையில் வசனம் இல்லாமல் இரண்டு பேருக்கும் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. அதனால் பிள்ளையிடம் பேசினார்கள். உன்ர அம்மாவை உறைப்புத் திண்ண வேண்டாமெண்டு சொல்லு என்பார் இவர். பெரியம்மாவ நாற்காலியில உட்காரச் சொல்லுடி என்பாள் அவள். பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துத் தலையாட்டும். விநாசித்தம்பியும் பிஸ்கட் டின்னோடு ஒருநாள் வந்தார். பிள்ளைக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கி, நடுவில் முடிச்சு அவிழாமல், அது பார்த்தால் எல்லாம் கன... என்று இழுத்தார். பிள்ளை பிஸ்கட் டின்னை எடுத்து அவர் தலையில் போட்டது.

ஒருநாள் இரண்டு மணி வாக்கில் பிள்ளை தூங்காமல் படுத்தியது. நாலு பூச்சு வார்னிஷ் அடித்த தொட்டிலை யோகம்மா ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஆட்டினார். பிறகு நவமணியைப் பார்க்காமல், பிள்ளையைக் குனிந்து பார்த்துச் சொன்னார். "உன்ர அம்மாவை ஒரு தாலாட்டுப் பாடச் சொல்லடி மோனை. அவ நல்லாப் பாடுவா. அண்டைக்கு நான்தான் கேக்காமல் விட்டிட்டன்."

நவமணி வாசல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தொட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, எழுபத்தைந்தில் பாடாமல் விட்ட அந்தத் தாலாட்டைப் பாடினாள். யோகம்மாவின் கையில் வளையல்கள் தொட்டிலின் ஆட்டத்துக்குக் கலகலவென்று தாளம் போட்டன. ஊரில் கம்பி அறுத்த வீடுகளின் சுவரில் மாட்டிக் கிடந்த பெட்டிகளில் எல்லாம் அது கேட்டது. பெண்கள் கை வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்கள். பிள்ளை தூங்கிவிட்டது என்று தெரிந்ததும், பெட்டியின் சத்தம் அதை எழுப்பிவிடக் கூடாதே என்று, ஒவ்வொருத்தியும் எட்டிக் குமிழை மெதுவாகத் திருப்பி வைத்தாள்.